கேல்டர் மேட்டில் நின்ற பஸ்

அட்லாண்டாவில் பனி பெய்யப்போகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னால் நாங்கள் ரொட்டியும் பாலும் வாங்கக் கடைக்கு ஓடுவோம். அதற்கு மேல் பனியை என்ன செய்வது என்று எங்கள் ஊருக்குத் தெரியாது. அந்தப் பிப்ரவரிப் புதன்கிழமை கடைக்கு ஓடக்கூட நேரம் கிடைக்கவில்லை. தெற்கே நாற்பது மைல் தள்ளித்தான் விழும் என்றார்கள். பதினொன்றே முக்காலுக்கு எங்கள் தலையிலேயே விழுந்தது. பன்னிரண்டரைக்குள் பள்ளிகள், அலுவலகங்கள், வங்கிகள் எல்லாம் ஒன்றாகக் கதவைத் திறந்துவிட, ஊர் முழுக்க ஒரே சமயத்தில் வீட்டுக்குக் கிளம்பியது. பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவ இருந்த லாரிகள் சொற்பம். அவையும் நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டன. சக்கரச் சூட்டில் உருகிய பனி, நின்ற வண்டிகளுக்கு அடியில் திரும்ப உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அன்று பதினாறு பிள்ளைகளோடு ஒரு பாலத்தின் மேல் மாட்டிக்கொண்டேன். அது தனிக் கதை. நான் சொல்ல வந்தது எங்கள் டிப்போவின் வெர்லீன் டோஷியருக்கு நடந்தது. அவள் வாயாலும் நர்ஸ் ஒடெட் வாயாலும் தனித்தனியே கேட்டேன். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

வெர்லீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. சக்கர நாற்காலி ஏற்றும் லிஃப்ட் வைத்த குட்டை பஸ்ஸை ஓட்டுவாள். அன்று ஏறிய நான்கு பிள்ளைகளில் மூன்று பேரை எப்படியோ வீட்டில் விட்டுவிட்டாள். மிஞ்சியது நைலா, எட்டு வயதுக்காரி. அவள் தொண்டையில் துளையிட்டு ஒரு சிறு குழாய் வைத்திருந்தார்கள். அதன் வழியாகத்தான் மூச்சு. குழாய்க்குள் சளி சேர்ந்தால், டிபன் பெட்டி அளவுள்ள உறிஞ்சும் இயந்திரத்தால் அதை இழுத்தெடுக்க வேண்டும். அதற்காகவே ஒடெட் மேப்ரி என்ற நர்ஸ் அவளோடு தினமும் வருவாள். இருபத்தாறு வயது, வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம்.

ஒன்றரை மணிக்குக் கேல்டர் மேட்டில் பஸ் ஏறத் தொடங்கியது. பாதி மேட்டில் முன்னால் போன வண்டிகள் நின்றன. பின்னால் வந்தவையும் நெருங்கி வந்து நின்றன. இரண்டு பக்கமும் பைன் மரக்காடு. ஒரு வீடு கிடையாது. வெர்லீன் இறங்கி, சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

குழாயின் வாயில் ஒரு குட்டி மூடி பொருத்தினால் நைலாவுக்குக் குரல் வரும். கரகரத்த, குறும்பான குரல்.

"மிஸ் வெர்லீன், ஒரு நத்தை நம்மள முந்திக்கிட்டுப் போகுது."

"அதுக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேளு."

"அது அப்பவே போயிடுச்சு."

அப்படிச் சிரித்துக்கொண்டே ஒரு மணி நேரம் போயிற்று. முன்னால் ஒரு வளைவு இருந்ததால் என்ன தடை என்று தெரியவில்லை. மேலிருந்து நடந்து வந்த ஒருவன், பெரிய சரக்கு லாரி ஒன்று வழுக்கி, சாலைக்குக் குறுக்கே மடங்கிக் கிடக்கிறது என்றான். எல்லாரையும் போல வெர்லீனும் அந்த லாரிக்காரனை வாய்க்குள் திட்டினாள்.

மூன்று மணிக்குப் பிறகு நைலா சிரிக்கவில்லை. குளிர்ந்த வறண்ட காற்று சளியைக் கெட்டியாக்கும். சாதாரண நாளில் மணிக்கு ஒருமுறை உறிஞ்சினால் போதும். இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இயந்திரம் உறுமியது. ஒடெட் மூடியைக் கழற்றி வைத்துவிட்டாள், அதோடு நைலாவின் குரலும் போயிற்று. இனிக் கட்டைவிரலைத் தூக்கியும் தாழ்த்தியும்தான் பேச்சு.

மூன்றரைக்கு ஒடெட் பஸ்ஸின் முன்பக்கம் வந்து, பிள்ளைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "மிஸ் வெர்லீன், ஒண்ணு சொல்லணும். பேட்டரில ஒரு கோடுதான் இருக்கு."

"சார்ஜ் பண்ண வயர் வெச்சிருப்பியே."

"சுவத்துல செருகுறது பையில இருக்கு. கார்ல செருகுறது என் வண்டியில இருக்கு. நேத்து நான்தான் எடுத்து அதுல போட்டேன். வண்டி ஸ்கூல் வாசல்ல நிக்குது."

வெர்லீன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பைன் மரங்கள்தான் தெரிந்தன.

"என்னைத் திட்டுங்க," என்றாள் ஒடெட்.

"திட்டினா பேட்டரி ஏறுமா? இன்னிக்கு எனக்கு நேரமில்ல கண்ணு. வேற என்ன வெச்சிருக்க?"

"கையால அழுத்துற பம்பு ஒண்ணு இருக்கு. ஆனா சளி இவ்வளவு கெட்டியா இருந்தா அது பாதிதான் இழுக்கும். கடைசிக்கு, மாத்திப் போட ஒரு புதுக் குழாய் இருக்கு. அதை நான் பொம்மைலதான் மாத்திப் பழகியிருக்கேன்."

வெர்லீன் அவசர எண்ணை அழைத்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண்ணின் குரல் களைத்திருந்தது. "மூணு ஆம்புலன்ஸ் உங்க பக்கம் அனுப்பியிருக்கோம் மேடம். மூணும் நின்னுக்கிட்டிருக்கு. எப்போ வரும்னு நான் பொய் சொல்ல விரும்பல."

அடுத்து டிப்போவின் ரேடியோ. "பஸ்ஸ விட்டு யாரும் எறங்கக் கூடாது," என்றது மேற்பார்வையாளரின் குரல். "பிள்ளைய அம்மா அப்பா கையில குடுக்கலாம், இல்லன்னா தீயணைப்புக்காரங்க கையில. விதி தெரியுமில்ல வெர்லீன்?"

"அந்த விதிய உங்களுக்குப் படிச்சுக் காட்டினதே நான்தான் சார். பிள்ளைக்கு மூச்சு வாங்குது."

"புரியுது. பஸ்லயே இருங்க."

வெர்லீன் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அடுத்த அடியிலேயே கால் வழுக்கி, இடுப்பு தரையில் மோத விழுந்தாள். வானம் தெரிந்தது. பஸ்ஸின் பம்பரைப் பிடித்து எழுந்து, ஒரு கார் கதவிலிருந்து அடுத்த கார் கதவுக்குத் தாவித் தாவி மேலே போனாள். ஒவ்வொரு கண்ணாடியையும் தட்டி ஒரே கேள்வி: வீட்டில் இருக்கிற மாதிரி பிளக் துளை ஏதாவது இருக்கிறதா? எல்லாரும் போனுக்குச் சார்ஜ் போடும் வயரைத்தான் எடுத்துக் காட்டினார்கள். ஒரு பெண் காரில் பெட்ரோல் தீர்ந்து, கம்பளிக்குள் அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பஸ்ஸில் போய் உட்காரச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிக்கப் வண்டி. உள்ளே இருந்தவர் அறுபதை ஒட்டிய வெள்ளைக்காரர். ஹோயட் லெட்பெட்டர் என்று பெயர், கூரை போடும் தொழில். கண்ணாடியை இறக்கினார்.

"அந்த ஷூவோட எங்க கிளம்பிட்டீங்கம்மா? சாக்ஸைக் கழட்டி ஷூவுக்கு மேல போடுங்க, வழுக்காது."

சொன்னதோடு நிற்காமல் பின்சீட்டுப் பையிலிருந்து தடித்த கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடியைக் கொடுத்தார். வெர்லீன் அவர் வண்டியில் சாய்ந்தபடி அதை மாட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"மேல குறுக்க கிடக்குதே, அந்த மாதிரி தூரப் பயண லாரில எல்லாம் இருக்கும். குளிர்பெட்டி, அடுப்பு, படுக்கை. பிளக் துளையும் இருக்கும். ஆனா…" அவர் கழுத்தைத் தடவினார். "அவன் கதவைத் திறக்க மாட்டான்."

"ஏன்?"

"ரெண்டு மணிக்கு நாங்க ஆறேழு பேர் போய்ச் சத்தம் போட்டோம். ஒருத்தன் கதவை எட்டி உதைச்சான். பேசக்கூடாததெல்லாம் பேசினோம். நானும்தான்."

"என்ன பேசினீங்க?"

"எந்த ஊர்லேருந்து வந்தியோ அங்கேயே போன்னு."

வெர்லீன் அவர் வண்டியிலிருந்து கையை எடுத்தாள். வளைவைத் தாண்டினாள்.

லாரி, பாதி திறந்த கத்திரிக்கோல் மாதிரி மடங்கி, சாலையின் இரண்டு ஓரத்தையும் அடைத்துக் கிடந்தது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடியில் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. ஏணிப்படியில் ஏறி, கதவைத் தட்டினாள். பதிலில்லை. திரும்பத் தட்டினாள்.

"போலீஸ் வரட்டும்," என்றது உள்ளிருந்து ஒரு ஆண் குரல். "நான் எங்கயும் ஓடல. போலீஸ்கிட்ட பேசிக்கிறேன்."

"நான் போலீஸ் இல்ல தம்பி. சண்டைக்கும் வரல. ஸ்கூல் பஸ் ஓட்டுறவ."

திரை ஓரம் விரலளவு விலகியது. வெர்லீன் தன் சீருடைக் கோட்டில் தைத்திருந்த பெயரைக் காட்டினாள். பிறகு, குளிரில் பல் தந்தியடிக்க, நைலாவைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பூட்டு திறந்தது.

அவன் பெயர் எஃப்ரைன் கசாரஸ். மெக்சிகோவை ஒட்டிய டெக்சாஸ் எல்லையில் லரேடோ ஊர்க்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். அழுது வீங்கிய கண்கள். "பனிய இன்னிக்குத்தான் முதல்முதலா பாக்கறேன் மேடம்," என்றான். "பிரேக்கை மெதுவாத்தான் தொட்டேன்."

"நானும் வாழ்க்கைல நாலு தடவைதான் பாத்திருக்கேன். உன் வண்டில பிளக் இருக்கா?"

இருக்கைக்குப் பின்னால், படுக்கைக்குப் பக்கத்தில், இரண்டு துளைகள் இருந்தன. வெர்லீன் கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே நல்ல கதகதப்பு.

"இதைக் கழட்டி எடுத்துட்டு வரலாமா?"

"வண்டி பேட்டரியோட சேத்து மாட்டினது. முடியாது. பிள்ளையத்தான் இங்க கொண்டு வரணும்."

பஸ்ஸுக்கு நூற்றைம்பது கஜம். கண்ணாடி மேடு. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது வழுக்கினால் அவ்வளவுதான்.

எஃப்ரைன் கீழே கிடந்த ரப்பர் கால்மிதிகளை இழுத்தான். "மதியம் சக்கரத்துக்கு அடியில இதைத்தான் போட்டுப் பாத்தேன். லாரி ஏறல. ஆனா ஆள் நடக்கலாம். எல்லாக் கார்லயும் நாலு நாலு இருக்கும்."

இருவரும் வளைவுக்கு இறங்கி வந்தபோது ஹோயட் பிக்கப்புக்கு வெளியே நின்றிருந்தார். அவரைக் கண்டதும் எஃப்ரைனின் கால் தயங்கியது. ஹோயட் தொப்பியைக் கழற்றினார்.

"தம்பி, மத்தியானம் நான்…"

"அப்புறம் பேசலாம் சார். உங்க வண்டில கால்மிதி இருக்கா?"

ஹோயட் திரும்பி நான்கையும் பிடுங்கி எடுத்தார். பிறகு ஒவ்வொரு காராகப் போய்த் தட்டத் தொடங்கினார். கூரை மேலிருந்து ஆட்களை அதட்டிப் பழகிய தொண்டை அவருக்கு.

பஸ்ஸில் பேட்டரியின் கடைசிக் கோடும் போய், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒடெட் கைப்பம்பை அழுத்திக்கொண்டிருந்தாள். நைலாவின் மூக்கோரம் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்கியது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. அழுதுகொண்டிருந்த அந்தப் பெண் இப்போது நைலாவின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

வெர்லீன் நைலாவின் அம்மா ரோஷெலுக்குப் போன் செய்து லாரி விஷயத்தைச் சொன்னாள். ரோஷெலுக்கு விமான நிலையச் சமையற்கூடத்தில் வேலை. அவளும் வழியில் எங்கோ ஒரு பேருந்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த ஆள் யாருன்னு தெரியுமா மிஸ் வெர்லீன்?"

"தெரியாது."

"அவன் முகத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நம்மள மாதிரியே பயந்து போயிருக்கான்."

"போனை அவ காதுகிட்ட வைங்க," என்றாள் ரோஷெல். என்ன சொன்னாளோ, நைலா கட்டைவிரலைத் தூக்கினாள். பிறகு ரோஷெல், "தூக்கிட்டுப் போங்க," என்றாள்.

வெர்லீன் ரேடியோவை எடுத்தாள். "நாற்பத்தாறாம் நம்பர் பஸ். பிள்ளையோட எறங்குறோம். மணி நாலு அம்பது. எழுதிக்கோங்க."

"வெர்லீன், நான் அனுமதி குடுக்கல—"

"அதையும் எழுதிக்கோங்க."

கதவைத் திறந்தபோது, வளைவு வரைக்கும் கறுப்பும் சாம்பலுமாகக் கால்மிதிகள் கிடந்தன. இருபது முப்பது பேர் அதன் இரண்டு பக்கமும் கார்களைப் பிடித்தபடி நின்றார்கள். மொத்தத் தூரத்துக்கும் போதாது. அதனால் கடந்து போனதை எடுத்து, கைமாற்றி முன்னால் கொடுத்துப் போட்டார்கள். சக்கர நாற்காலியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, ஹோயட் நைலாவைக் கம்பளியோடு தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டார். முன்னால் எஃப்ரைன், ஒவ்வொரு மிதியையும் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது சரி… இது ஆடுது, கால ஓரமா வைங்க…" என்று சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடந்தான். ஒடெட் பையோடு பக்கத்தில். வெர்லீன் பின்னால், ஹோயட்டின் முதுகில் கை வைத்தபடி.

பாதித் தூரம் வந்திருப்பார்கள். ஹோயட் நின்றார்.

"சத்தம் வரல," என்றார். "இவ்வளவு நேரம் என் காதுல கரகரன்னு கேட்டுது. இப்ப ஒண்ணும் கேக்கல."

ஒடெட் கம்பளியை விலக்கினாள். நைலாவின் வாய் திறந்திருந்தது, மார்பு எழும்பவில்லை. உதட்டில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. கைப்பம்பை வைத்து இரண்டு முறை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. குழாய் அடைத்துவிட்டது.

"கீழ படுக்க வைங்க. மிதி மேல. இப்பவே."

ஒடெட்டின் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது என்று வெர்லீன் என்னிடம் சொன்னாள். ஒடெட் கையுறையைப் பல்லால் இழுத்து எறிந்தாள். பையிலிருந்த புதுக் குழாயின் உறையைக் கிழித்தாள். வெர்லீன் நைலாவின் தோளுக்கு அடியில் தன் கோட்டைச் சுருட்டி வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தாள். ஹோயட்டும் எஃப்ரைனும் காற்று வந்த பக்கம் மண்டியிட்டு மறைத்துக்கொண்டார்கள்.

ஒடெட் குழாயைப் பிடித்திருந்த கழுத்துப் பட்டையை வெட்டினாள். பழைய குழாயை உருவினாள். புதியதை வைத்தாள்; போகவில்லை. விரல்கள் குளிரில் மரத்து, குழாய் துளையின் ஓரத்தில் இடித்து நின்றது. கையை வாயருகே கொண்டுபோய் ஒருமுறை ஊதினாள். குழாயைச் சற்றே திருப்பி, வளைவோடு கீழ்நோக்கித் தள்ளினாள். அது உள்ளே போயிற்று.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு நைலா இருமினாள். குழாயிலிருந்து சளி தெறித்து ஒடெட்டின் கன்னத்தில் விழுந்தது. மார்பு எழும்பியது, இறங்கியது, திரும்ப எழும்பியது.

"தூக்குங்க," என்றாள் ஒடெட், கன்னத்தைத் துடைக்காமலேயே. "உள்ள இன்னும் இருக்கு. இயந்திரம் வேணும்."

மீதித் தூரத்தை எப்படிக் கடந்தார்கள் என்று வெர்லீனுக்கு நினைவில்லை. லாரியின் ஏணியில் எஃப்ரைன் மேலிருந்து வாங்கிக்கொண்டதும், வயரைத் துளையில் செருகியதும் பச்சை விளக்கு எரிந்ததும் நினைவிருக்கிறது. இயந்திரம் உறுமியது. ஒடெட் நான்கு முறை உறிஞ்சினாள். நைலாவின் உதடு மெல்ல மெல்லத் தன் பழைய நிறத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் ஒடெட் படுக்கையோரம் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். எஃப்ரைன் அவள் தோளில் தன் போர்வையைப் போட்டான்.

ஹோயட் ஏணியின் கடைசிப் படியில் நின்றிருந்தார். "மத்தியானம் நான் பேசினது அசிங்கம்," என்றார். "மன்னிச்சுக்கோன்னு கேக்கறதுக்கே கூச்சமா இருக்கு."

எஃப்ரைன் அவர் பக்கம் திரும்பினான். "கதவை உதைச்சது நீங்களா சார்?"

"இல்ல. உதைச்சவன் பக்கத்துல நின்னேன்."

"சரி," என்றான் எஃப்ரைன். "உள்ள வாங்க. கதவைத் திறந்து வெச்சா சூடு போயிடும்."

அவர் உள்ளே வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, மற்ற கார்களில் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்க்கப் போய்விட்டார்.

விடியும்போது தீயணைப்பு வீரர்கள் நான்கு பேர் நடந்தே மேட்டுக்கு வந்தார்கள். அவர்களோடு ரோஷெலும் வந்தாள். தன் பேருந்திலிருந்து இறங்கி, சமையற்கூட ஷூவோடு ஏழு மைல் நடந்திருந்தாள். லாரிக்குள் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த நைலாவின் மார்பில் காதை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு எஃப்ரைனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து விசாரணை. டிப்போத் தொழிலாளர் சார்பில் நான் வெர்லீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அனுமதியில்லாமல் பிள்ளையை இறக்கியது, அன்னியர் வண்டியில் ஏற்றியது, இரண்டும் குற்றமென்று படித்தார்கள். "ரெண்டும் நான் செஞ்சதுதான்," என்றாள் வெர்லீன். வயர் விஷயத்தைப் பற்றி அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் ஒடெட் தன் அறிக்கையில் முதல் வரியிலேயே அதை எழுதியிருந்தாள்: கார் வயரை எடுத்து வைத்தது நான், மறந்தது நான்.

வெர்லீனுக்கு எச்சரிக்கைக் கடிதம். ஒடெட்டை மூன்று வாரம் நிறுத்தி வைத்து, வேறு நர்ஸை அனுப்பினார்கள். ரோஷெல் அலுவலகத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். "தப்பு செஞ்சா, சரி. அதைச் சொன்னா. ரோட்டுல மண்டி போட்டு என் பிள்ளைக்கு மூச்சக் குடுத்ததும் அவதான். எனக்கு அவதான் வேணும்," என்றாள். அவர்கள் வேறு பெயர்களைச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை ஒடெட் திரும்ப வந்தாள். வெயில் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டிருந்தது. டிப்போ மதிலோரம் பேரிக்காய் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. நைலா அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு லிஃப்டில் மேலே வந்தாள். ஒடெட் பையைத் திறந்து, வயர்களைக் கையால் தொட்டு எண்ணிவிட்டு, அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். வெர்லீன் கண்ணாடியில் இருவரையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.